கடைமடை விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. வாய்க்காலில் ஆகாயத்தாமரை அகற்ற மனு கொடுத்தோம். பாதி தூரம் வேலை நடந்தது, மீதியை நாமே ஆள் வைத்து அள்ளினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பருவநிலை மாற்றத்தால் நம் ஊருக்கு என்ன நேர்கிறது என்று வயல்வாரியாக நாமே எடுத்த கணக்கு. ஆட்சியர் தலைமையில் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது; காவிரி டெல்டாவின் வெண்ணாற்றுப் பகுதியில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு எல்லாவற்றுக்கும் சீரமைப்புத் திட்டம் வந்தது. அப்புறம் நமக்கு எதற்குத் தனிக் கணக்கு என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நெல்லுக்குக் காப்பீட்டு இழப்பைக் கணக்கிடுவது பெரும்பாலும் வருவாய் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்து. மேட்டு வயல் விளைந்துவிட்டால் பள்ளத்து வயல் அழுகியது அதில் தெரியாது.

மழையளவு வானிலைத் துறையிடமே கிடைக்கும். எந்தச் சர்வே எண்ணில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, அப்போது பயிருக்கு என்ன வயது, எந்த வடிகாலில் வடிந்தது என்பதை நாம் எழுதினோம். 2018 கஜா புயல், 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்து மழை, அதே ஆண்டு மேட்டூர் அணை அக்டோபரிலேயே மூடப்பட்டது ஆகியவற்றின் பாதிப்பையும் கேட்டுச் சேர்த்தோம்.

இதில் தெரிந்தது: வெள்ளம் வருவதைவிட வடியாமல் நிற்பதுதான் நமக்குப் பெரிய கேடு. கடல் பொங்கியிருக்கும் நாளில் ஆறு தண்ணீரை இழுக்காது. கடலுக்கு முன்னால் உள்ள கடைசி மதகு ஷட்டரைத் திறந்தால் உப்புத் தண்ணீர் ஏறும்; மூடினால் மழைத் தண்ணீர் வயலிலேயே கிடக்கும். கடல் மட்டம் உயர உயர இந்தக் கேடு அதிகரிக்கத்தான் செய்யும்.

பள்ளத்து வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 என்ற நெல் ரகம் போடலாம் என்கிறார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும், சரி. ஆனால் அந்தத் தெம்பு பயிர் வளர்ந்து தூர் கட்டும் பருவத்தில்தான். நேரடி விதைப்பில் முளைக்கும்போதே மூழ்கினால் உதவாது. ஐந்து மாதப் பயிர் என்பதால் தை மழையில் மாட்டிக்கொள்ளும் பயமும் உண்டு. எப்போது விதைப்பது என்று முடிவு செய்யாமல் ரகத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பது என் கருத்து.

கிழக்கே சில வயல்களில் உப்பு ஏறியிருப்பது மண் பரிசோதனையில் தெரிந்தது. அங்கே உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல்லான குழியடிச்சான் போட்டுப் பார்க்கச் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், விதை தேடிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு இன்னும் முழுமையாகவில்லை. சிட்டா நிலக்காரர் பேரில் இருப்பதால் குத்தகைதாரர்கள் பலர் விவரம் தரத் தயங்கினார்கள். நடவுக்கும் களைக்கும் போகும் பெண்களிடம் நாம் இன்னும் கேட்கவே இல்லை. வயல் மூழ்கினால் நமக்காவது நிவாரணம் வரும். அவர்கள் இழந்த கூலி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. வரும் ஆண்டில் முதல் வேலை இதுதான்.

கணக்கின் நகலை ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஊராட்சிக்கும் கொடுக்கவும், வடிகால்களை மேட்டூர் திறக்கும் முன்பே, கோடையிலேயே தூர்வாரக் கோரவும் தீர்மானம் வைக்கிறேன். பதிவேடு வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. தங்கள் சர்வே எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதே மேசையில் கட்டலாம்.

நன்றி.
செயலாளர்