சாப்பிட்டுவிட்டு எடு

அன்பு மகனுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா மகன்? அப்பாவும் தங்கச்சியும் சுகம். வயல் விதைத்தாயிற்று, மழைதான் இன்னும் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை இரவு நம்மட கழகத்தில் கதை சொல்ல எல்லாரையும் கூப்பிட்டார்கள். முற்றத்தில் பாய் விரித்து, தேத்தண்ணியும் அவித்த கச்சானும் தந்தார்கள். பெரியப்பா 1978 சூறாவளியைச் சொன்னார். நவம்பர் 23 இரவு, கூரை போன பிறகு காற்று நின்றதாம். விட்டுவிட்டது என்று வெளியே வந்த சனத்தை மற்றப் பக்கத்தால் திரும்பி வந்து அடித்ததாம். அவர் சொல்லி முடிக்கும்வரை ஒரு பிள்ளையும் கச்சான் கோது உடைக்கவில்லை.

பிறகு மாமி கொக்கட்டிச்சோலைக் கோயில் கல் நந்தி கதையை எடுத்தார். பறங்கித் துரை வந்து "இந்த மாடு புல் தின்னுமா?" என்று கேட்கிற இடத்தில் நிறுத்தி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி, மடித்து, ஆறுதலாக வாயில் போட்டார். பிள்ளைகள் துடித்துப்போனார்கள். நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டது என்றதும் ஒரே சிரிப்பு. நீ சின்னனில் "தண்ணி குடிச்சதா?" என்று கேட்டு அப்பப்பாவை மடக்கியதையும் மாமி சொன்னார். எனக்கு எவ்வளவு பெருமை! அப்படிக் கேள்வி கேட்ட பிள்ளை, இப்போது நான் என்ன கேட்டாலும் பெருவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு இருக்கிறாய்.

"தம்பி பழைய இடத்தில்தானே வேலை?" என்று மாமி கேட்டார். ஓம் என்றேன். அவர் மகனும் கத்தாரில்தானே, என்ன சொன்னானோ. நான் கேட்கவில்லை.

காசுக்கு அவசரமில்லை மகன். இருந்த நெல்லை விற்றுத் தங்கச்சியின் வகுப்புக்குக் கட்டியாயிற்று. நீ நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் நின்றால் தண்ணீர் குடி. மேட்டு வயலை அப்பாவால் தனியே பார்க்க ஏலாமல் இருக்கிறது, கூட ஒரு ஆள் நின்றால் நல்லது என்று அவரும் சொல்கிறார். சும்மா எழுதுகிறேன்.

கழகப் பொடியன்கள் கதைகளை ஃபோனில் பதிந்து வைக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்களும் சொல்லி அனுப்பலாமாம். நந்தி புல் மெல்லுகிற சத்தத்தை அப்பப்பா மாதிரிப் போட உன்னால்தான் முடியும். அனுப்பு. கதை சொல்ல மனமில்லை என்றால் எனக்கு மட்டும் பேசி அனுப்பு, நல்லதோ கெட்டதோ எதுவென்றாலும் சரி.

இங்கே இரவு பத்து என்றால் உனக்கு ஏழரைதானே? நான் படுக்கமாட்டேன். சாப்பிட்டுவிட்டு எடு.

அம்மா