சுரங்க ஆவணத்தை யாரிடம் மொழிபெயர்க்கக் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சுரங்கத் திட்டம் ஒன்றுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை. ஆந்திரத்தில் திட்டச் சுருக்கம் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் வருகிறது. தமிழக எல்லையை ஒட்டிய குப்பம் பக்கம் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் யாரையாவது பிடித்துத்தான் அதைப் படித்தாக வேண்டும். தெலுங்கு சரளமாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் ஒருவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

தெலுங்கில் ‘கனி’ என்றால் சுரங்கம். அதில் யாரும் ஏமாறுவதில்லை. ஆங்கிலப் பிரதியில் வரும் ‘ஓவர்பர்டன்’ போன்ற சொல்லில்தான் சறுக்குகிறது. தாதுவுக்கு மேல் கிடக்கும், தோண்டி அகற்ற வேண்டிய மண்ணும் பாறையும் அது. ‘அதிகச் சுமை’ என்று எழுதிவிட்டால், அந்த மண்ணை எந்த ஏரிக்கரையில் கொட்டப்போகிறார்கள் என்ற பத்தியே விளங்காமல் போகும். குவாரியில் ‘பெஞ்ச்’ என்பது பாறையில் வெட்டிய படி. ‘காரட்’ ரத்தினக் கல்லுக்கு எடை, 0.2 கிராம், தங்கத்துக்கோ அது மாற்று, அதாவது தூய்மையின் அளவு.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டுமல்ல. ருமேனியாவின் பாயா மாரேயில் 2000 ஜனவரி 30 அன்று தங்க ஆலைக் கழிவுக்குட்டையின் கரை உடைந்து, சுமார் 1 லட்சம் கன மீட்டர் சயனைடு நீர் ஹங்கேரியின் டிசா ஆறு வரை போனது. சுரங்கக் கழிவுப் பாறைக்கு ருமேனிய மொழியில் ‘ஸ்டெரில்’, ஹங்கேரிய மொழியில் ‘மெத்தோ’. ஆனால் ‘ஸ்டெரில்’ என்றால் கிருமி நீக்கியது என்றும் பொருள் உண்டு. சுரங்கம் அறியாதவர் கையில் கழிவுக் குவியல் சுத்தமானதாகிவிடும். அங்கேயும் ஆள் தேடுகிறவர்கள் இரு மொழியோடு சுரங்கமும் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும்.

முதலில் அரைப் பக்கம் கொடுத்துப் பாருங்கள், எண்கள் நிறைந்த பத்தியாக. தமிழில் வந்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் தெலுங்குக்குத் திருப்பச் சொல்லுங்கள். பொருள் மாறிய இடம் பளிச்சென்று தெரியும். பிறகு குவாரி மேஸ்திரி ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்; அவர் முகம் சுளிக்கும் இடத்தில் சொல்லைத் திருத்துங்கள். சர்வே எண்ணில் கை வைக்கக் கூடாது. ஹெக்டேரை ஏக்கராக்கினால் (1 ஹெக்டேர் 2.47 ஏக்கர்) மூல அளவும் பக்கத்தில் இருக்கட்டும். சந்தேகமான சொல்லை அடிக்கோடிட்டு ஓரத்தில் கேள்வி எழுதித் தருகிறவரை விட்டுவிடாதீர்கள், அப்படிப்பட்டவர் கிடைப்பது அரிது.

இதற்கெல்லாம் 10 நாளாவது பிடிக்கும். ஆகவே தமிழர் வாழும் எல்லை மண்டலங்களில், அறிவிப்பு வெளியாகும் நாளிலேயே தமிழ்ச் சுருக்கத்தையும் மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும்.

— சுரங்கத் துறை மொழிபெயர்ப்பாளர்கள் சிலர், குப்பம், சித்தூர் மாவட்டம்