நான்ஜிங்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கவி,

ஈப்போவில் எல்லாரும் நலம். அண்ணன் வீடு மாறிவிட்டான், அதை அப்புறம் எழுதுகிறேன்.

வீடியோவில் பேசும்போது கழுத்தில் துணி சுற்றியிருந்தாய். ஜூலை மாதத்தில்! நான்ஜிங் அடுப்பு என்றே பேர் வாங்கிய ஊர் என்று நீதானே சொன்னாய்? கேட்டால், "ஏர்கான் காத்து பட்டா மட்டும் லேசா சிலிர்க்குதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நம் சீன வைத்தியர் சின்செயிடம் போனேன். சீன வைத்தியத்தில் முதல் கேள்வியே குளிரா, காய்ச்சலா என்பதுதானாம். அடுத்தது வியர்வை. எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர் அடங்காவிட்டால் அது வெளியிலிருந்து தாக்கியது. போர்த்தியதும் அடங்கினால் உடம்புக்குள்ளேயே சூடு குறைவு. 'யாங்' போதவில்லை என்பார்கள். காற்று பட்டால் மட்டும் கூசி, கதவைச் சாத்தியதும் சரியாகிவிட்டால் அது முதல் வகையிலேயே லேசானது. மேலுக்குக் காவலாக ஓடும் 'வெய் சி' தளர்ந்திருக்கும் என்றார். கூடவே வியர்வையும் காய்ச்சலும் இருந்தால், பழைய சீன வைத்தியர் ஜாங் ஜோங்ஜிங் 1,800 ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த கஷாயம்: கருவா மரத்தின் இளங்குச்சி, பியோனி வேர், இஞ்சி, சீன இலந்தை, அதிமதுரம். அதைக் குடித்த கையோடு சூடாகக் கஞ்சி குடித்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். லேசாக வியர்த்தால் போதும், சொட்டச் சொட்ட வியர்க்கக் கூடாது. உங்கம்மா இருந்தால், "கஞ்சியைச் சொல்ல ஒரு சின்செ வேணுமா" என்றிருப்பாள்.

நீயாகக் கடையில் வாங்கிக் குடிக்காதே. நாடி, நாக்கு பார்த்துக் கொடுப்பவரிடம் போ. ஆஸ்பத்திரியில் ரத்தமும் சோதித்துவிடு. சோகை இருந்தாலும் தைராய்டு குறைந்தாலும் குளிர் தாங்காது. அம்மாவுக்கு எதில் ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். ஈரத்தலையோடு ஏர்கான் முன்னால் உட்காராதே.

சின்செ விடவில்லை. பிள்ளை சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். முதல் இரண்டுக்கும் எதையோ சொல்லிச் சமாளித்தேன். மூன்றாவதற்கு, "அவள் கெட்டிக்காரி" என்றேன். அவர் கேட்டது அதை இல்லை என்று எனக்கும் தெரியும்.

சீனத்திலேயே காண்ட்ராக்ட் எழுதுகிற பெண் என்று கோயில் கமிட்டி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அப்பனுக்குப் போன் போட நேரமில்லை. அங்கேயும் இங்கேயும் கடிகாரம் ஒன்றுதான், தூங்கியிருப்பாரோ என்ற சாக்கும் கிடையாது. சரி, விடு. ரத்தச் சோதனையை மட்டும் மறக்காதே.

அக்டோபர் முதல் வாரம் அங்கே விடுமுறைதானே? டிக்கெட் நான் எடுக்கிறேன். இரண்டு பேராக வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. எத்தனை டிக்கெட் என்று மட்டும் எழுது.

அப்பா