எல்லாக் கதையிலும் ஒரே குரல்

அன்புள்ள மாப்ள,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு, அந்தச் சாக்கிலாவது ஊருக்கு வருவாய். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். கண்ணாடி வாத்தியாரிடம் நாவலைப் பற்றிக் கேட்டால் இன்னமும் 'கடைசி அத்தியாயம்தான்' என்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நூலக மாடியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கிற கதைக் கூட்டத்துக்கு ஒரு பெண் வருகிறாள். அம்மா பீடி சுற்றுகிறவர். இவளும் கல்லூரி விட்டு வந்ததும் பீடித்தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறவள்தான். முதலில் அவள் கொண்டுவந்த கதையில் பக்கத்துக்குப் பக்கம் அம்மா அழுதாள். நான் ஒரு வரியிலும் கை வைக்கவில்லை. 'கடையில் கழித்துப் போடுகிற பீடியை என்ன செய்வார்கள்?' என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு வேறொரு கதையோடு வந்தாள். கணக்குப்பிள்ளை இரண்டு கட்டைக் கழித்து ஓரமாகப் போடுகிறான். திருப்பித் தரவும் இல்லை, கூலியில் சேர்க்கவும் இல்லை. அம்மா வழியெல்லாம் உதட்டுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறாள். பக்கத்து வீட்டில் இலை கடன் வாங்கி, நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, 'நாளைக்காவது நல்ல இலையாக் கேக்கணும்' என்று சொல்லிப் படுக்கிறாள். அழுகையே கிடையாது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது மாப்ள. அங்கேயே வாய்விட்டுப் பாராட்டினேன்.

இப்போது என்ன ஆகிறது தெரியுமா? கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியம், யாரும் அழமாட்டார்கள், கடைசியில் ஏதோ ஒரு வேலையைச் செய்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். பேரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று எனக்கே தெரியாது. எந்த வரிக்கு என் முகம் மலரும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துபோய்விட்டது. வாசிக்கும்போதே நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்கள். அவளும்தான் பார்க்கிறாள். அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இடைசெவலை நினைத்துப் பார். கு.அழகிரிசாமியும் கி.ராவும் ஒரே ஊர், சின்ன வயசிலிருந்து சேக்காளிகள், ஒருத்தருக்கொருத்தர் கடிதமாக எழுதித் தள்ளியவர்கள். இரண்டு பேருக்குமே சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஒருத்தர் எழுத்தில் இன்னொருத்தர் வாடை அடிக்கிறதா? கி.ராவின் கதையில் ஒரு ஆள் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார். அழகிரிசாமி சத்தமே இல்லாமல் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். அத்தனை நெருக்கத்திலும் அவரவர் குரல் அவரவரிடமே இருந்தது. சி.சு.செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகையையும் பார். பிச்சமூர்த்தி, பசுவய்யா, தர்மு சிவராமு எல்லாரும் அதில்தான் எழுதினார்கள். யார் கவிதையை வேண்டுமானாலும் எடு, இது இன்னார் என்று சொல்லிவிடலாம்.

அப்புறம், நீ எனக்கு முதலில் சொன்ன அந்த ரஷ்யக் கடித விவகாரம். 1886இல் செகாவுக்கு 26 வயது. வைத்தியம் பார்த்துக்கொண்டே, வேடிக்கைப் பத்திரிகைகளுக்குப் புனைபெயரில் அவசர அவசரமாக எழுதிக்கொண்டிருந்தார். கிரிகொரோவிச் என்ற மூத்த எழுத்தாளர் தானாகவே அவருக்கு ஒரு கடிதம் போட்டார். உனக்கு உண்மையான திறமை இருக்கிறது, அவசர எழுத்தை விடு என்பதுதான் சாரம். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக நினைவில்லை என்று செகாவ் பதில் எழுதினார். அதற்குப் பிறகுதான் அவர் தன் எழுத்தைப் பெரிதாக மதிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தூரத்தில் இருந்த ஒருத்தர் பொறுப்பாக வாசித்தார், அவ்வளவுதான்.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். அவளிடம் சம்மதம் கேட்டு, மூன்று கதைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகிறவன் நீ. இதையும் அப்படியே வாசி, இரக்கப்படாதே. உன் முகம் அவளுக்குத் தெரியாது, உனக்கு என்ன பிடிக்கும் என்பதும் தெரியாது. எனக்கு அதுதான் வேண்டும். மூன்றாவது கதையில் ஆச்சி பேசுகிற இடம் கொஞ்சம் நீளம். என்னுடைய கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் எழுதியது. எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதனாலேயே நீ அதை ரெண்டு தரம் வாசிக்க வேண்டும்.

பதிலை நூலக முகவரிக்கு, அவள் பேருக்கே போடு. என்ன எழுதினாய் என்று போனில்கூட என்னிடம் சொல்லாதே, நானே கேட்டாலும்.

அன்புடன்,
உன் மாப்ள