பணமும் புத்தியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

'சம்பாதிக்கத் தெரிந்தவன்தான் புத்திசாலி' என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. நியூட்டனுக்குத் தெரியாத கணக்கா? இங்கிலாந்து அரசு நாணயச் சாலையின் தலைவராகவே இருந்தவர் அவர். 1720-இல் தென்கடல் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் பங்குகளை முதலில் நல்ல லாபத்துக்கு விற்றார். சரி, அதோடு விட்டாரா? விலை இன்னும் ஏறுவதைப் பார்த்து மறுபடி வாங்கி, பெரும் பணத்தை இழந்தார். அந்த ஒரே வருடத்தில் அவர் அறிவு குறைந்துவிட்டதா என்ன? மின்சாரத் துறையில் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்த நிகோலா டெஸ்லா 1943-இல் ஒரு விடுதி அறையில் கடனோடுதான் இறந்தார். ரஷ்யக் கணித மேதை பெரல்மான் 2010-இல் தேடிவந்த பத்து லட்சம் டாலர் பரிசையே வேண்டாம் என்றுவிட்டார்.

புத்தி உதவாது என்று நான் சொல்லவில்லை. பிறந்த குடும்பம், நேரம், துணிச்சல் எல்லாம் கூடினால்தான் பணம் சேர்கிறது.

என்னை உறுத்துவது வேறு. அண்மையில் ஒரு கூட்டத்தில் வசதியானவர் ஒருவர் வட்டிக் கணக்கைத் தப்பாகச் சொன்னார். அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஓரமாக நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பையன் விரல்விட்டு எண்ணி, சரியான தொகையை மெல்லச் சொன்னான். அவன் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்