ஹார்மோன் ஊசிக் காலத்தில் கூட இருந்தவர்களுக்கு

புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போட்ட ஹார்மோன் ஊசிக் காலம் முடிந்து, போன வாரப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது, அந்தப் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அடங்கியே இருக்கிறது. சரி, இந்தச் சாக்கிலாவது நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் டாக்டர் அம்மாவுக்கு. புராஸ்டேட் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோனை நம்பித்தான் வளர்கிறது, அதனால் அதைச் சுரக்கும் விரைகளுக்கு மூளையிலிருந்து போகும் உத்தரவையே லியூப்ரோலைடு ஊசி நிறுத்திவிடும், வழக்கமாக 300க்கு மேல் இருக்கிற அளவு 50க்குக் கீழே இறங்கிவிடும் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டே காட்டினீர்கள். ஆனால் முதல் ஓரிரு வாரம் அந்த அளவு இறங்காமல் ஏறும், அந்த ஏற்றம் புற்றுநோயைத் தூண்டாமல் தடுக்கத்தான் பைகாலுடமைடு மாத்திரை என்று முன்பே சொன்னதால் பயப்படாமல் இருந்தேன். ஆசை அற்றுப்போகும், அது மனசின் குறை இல்லை என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி.

அப்புறம் என் மனைவிக்கு. நடுராத்திரி உடம்பெல்லாம் அனலடித்து, பனியன் நனைய வேர்த்து நான் எழுந்து உட்கார்ந்தபோது, "எனக்கு மாதவிலக்கு நின்னப்ப இதேதான், அப்ப நான் ஃபேனைக் கூட்டினா குளிருதுன்னு அணைச்சீங்க" என்றாய். சொல்லிவிட்டு ஃபேனையும் நீதான் கூட்டினாய்.

பெண் ஹார்மோன் என்கிற ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கும் உண்டு, அது டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே உருவாவதால் ஒன்று விழுந்தால் மற்றதும் விழும், எலும்பு தேயும் என்று எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனுக்கு என்னை விரட்டிய சிஸ்டருக்கும், தசை கரைந்து தொப்பை போடுவதைப் பார்த்துத் தினமும் எடை தூக்க வைத்த பிசியோதெரபி தம்பிக்கும் நன்றி. தம்பி, அந்த மணல் மூட்டையை இன்னும் தூக்குகிறேன், திட்டிக்கொண்டேதான்.

காத்திருப்பு அறையில் பார்த்த அண்ணாச்சியை மறக்க முடியாது. காலமெல்லாம் ஊசிக்கு அலையவும் செலவழிக்கவும் முடியாதென்று விரைகளையே அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர். அத்தனை பேர் நடுவில் அதைச் சத்தமாகச் சொல்லி, "இப்ப மீசையில என்ன கொறஞ்சிருச்சு?" என்று கேட்டார். அங்கே தலைகுனிந்து உட்கார்ந்திருந்த எங்கள் பாதிப் பேருக்கு அன்றுதான் வாய் திறந்தது. விளம்பரத்தைப் பார்த்தாலே கண் கலங்குகிறது என்று நானும் சொன்னேன், இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் என்றார்கள்.

அடுத்த பி.எஸ்.ஏ. பார்க்கப் போகும்போது மருமகன் கார் ஓட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு நன்றி முன்கூட்டியே.