நிக்கல் சும்மா வேடிக்கை பார்ப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் பக்கத்தில் டிரான்ஸ் கொழுப்பு பற்றி வந்த கட்டுரையை என் டியூஷன் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். தமிழில் இப்படி எழுதுவது நல்ல முயற்சி. ஆனால் வினையூக்கி (வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்) வினையில் பங்குகொள்ளாமல் வேகத்தை மட்டும் கூட்டும் என்று அதில் இருந்த வரி தவறு. எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்ற உதவும் வினையூக்கி நிக்கல் உலோகம்; ஐந்தாம் படிவத்தில் மலாயில் மங்கின் என்று படிக்கிறோமே, அதுதான். அந்த நிக்கல் பங்குகொள்வதால்தான் டிரான்ஸ் கொழுப்பே உண்டாகிறது.

எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி மார்ஜரினாக்கும்போது ஹைட்ரஜன் மூலக்கூறு நிக்கல் மேல் தனித்தனி அணுக்களாகப் பிரிந்து உட்காருகிறது. எண்ணெயின் இரட்டைப் பிணைப்பும் திறந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அது இரண்டு ஹைட்ரஜனையும் சேர்த்து வாங்குவதில்லை. முதலில் ஒன்றுதான். அப்போது ஒரு கார்பன் ஹைட்ரஜனோடும், பக்கத்துக் கார்பன் இன்னும் நிக்கலோடும் இருக்கும். நடுவில் இப்போது ஒற்றைப் பிணைப்பு; அது சுழலும். இந்தப் பாதி நிலை நெடுநேரம் நிற்காது. இன்னொரு ஹைட்ரஜன் கிடைத்தால் அந்த இரட்டைப் பிணைப்பு போய், கொழுப்பு அந்த இடத்தில் நிறைவுற்றுவிடும். கிடைக்காவிட்டால் ஒரு ஹைட்ரஜனை நிக்கலிடமே கொடுத்துவிட்டு, மறுபடி இரட்டைப் பிணைப்போடு கிளம்பிவிடும். இடையில் சுழன்றிருந்தால், வளைந்து வந்த சங்கிலி நேராகிப் போகும்; அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. எண்ணெயில் உள்ள, வளைந்த ஒலீயிக் அமிலம் சுமார் 13 பாகை செல்சியஸில் உருகும். அதே அணுக்களால் ஆன, நேரான எலைடிக் அமிலம் உருக 40 பாகைக்கு மேல் வேண்டும்!

ஹோரியூட்டி, போலான்யி என்ற இரு வேதியியலாளர்கள் இந்தப் பாதி நிலையை 1934-லேயே சொல்லிவிட்டார்கள். கண்ணால் பார்க்காமல் எப்படி? கன ஹைட்ரஜனை (எடை கூடிய ஹைட்ரஜன் வகை) அடையாளமாக வைத்தால், நிறைவுறாமல் திரும்பி வந்த மூலக்கூறிலும் அது ஏறியிருக்கும். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, “அப்போ ஒன்னு வாங்கிட்டு வேற ஒன்னத் திருப்பிக் கொடுத்திருக்கு, சார்” என்றாள். அவ்வளவுதான் விஷயம். இப்படிப்பட்ட இடைநிலைகளை இப்போது நேரடியாகவே பதிவு செய்ய முடிகிறது: 2015-இல் கலிபோர்னியாவின் எக்ஸ்கதிர் லேசரைக் கொண்டு, ருத்தேனியம் என்ற இன்னொரு வினையூக்கி உலோகத்தின் மேல் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் பிணையத் தொடங்கும் கணத்தையே பதிவு செய்தார்கள். அது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிலான நேரம்.

இன்னொன்று. செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே நிறைவுற்ற கொழுப்பு என்பதால், ஹைட்ரஜன் ஏற்றாமலே அதில் மார்ஜரின் செய்யலாம். பக்கத்து ஊரான பிறையின் செம்பனை எண்ணெய் ஆலைகளில் வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளும் படிக்கும் பக்கம் இது; அதையும் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தமும், அந்தப் பாதி நிலையின் படமும் போடுங்கள். வகுப்பில் ஒட்டி வைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு டியூஷன் ஆசிரியர்,
பட்டர்வொர்த், பினாங்கு